ஸ்காப்விக் கல்லறையும் நம் மன்றாட்டும்



லிங்கன்ஷயரின் ஸ்காப்விக் சிற்றூரில் துயிலும் போர் விமானி ஜான் கில்லஸ்பி மகீயின் பெயரை நவம்பர் மாத மன்றாட்டில் சேர்த்தேன். அது உங்களுள் சிலரை வருத்தியிருக்கிறது. “விமான இரைச்சலுக்குப் பதுங்குகுழி தேடி ஓடியவர்கள் நாங்கள், விமானிக்கு ஏன் செபிக்க வேண்டும், சுவாமி?” என்று ஒரு தாய் கேட்டார்.

1995 யூலை 9 அன்று நவாலி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் வான்படையின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அதை மறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் அந்தத் தாயின் கேள்விக்குள் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. இறந்தோருக்கான திருப்பலியை நாம் நற்சான்றிதழாக்கிவிட்டோம். திருச்சபை புனிதர்களுக்காக மன்றாடுவதில்லை, பாவிகளுக்காகவே மன்றாடுகிறது.

மகீ ஷாங்காயில் பிறந்தவர். ஆங்கிலிக்கன் குருவின் மகன். நான்ஜிங் நகரில் ஜப்பானியப் படையின் வெறியாட்டத்துக்கு இரையானவர்களை 1937இல் ஒளிப்பதிவு செய்து உலகிற்குக் காட்டியவர் அந்தத் தந்தை. மகனோ கனடிய வான்படையில் சேர்ந்து ஸ்பிட்ஃபயர் ஓட்டினார். 1941 டிசம்பர் 11 அன்று, மேகத்தினூடே இறங்குகையில் பயிற்சி விமானமொன்றுடன் மோதி மாண்டார். வயது 19. அவர் எழுதிய ‘ஹை ஃப்ளைட்’ கவிதையின் வரிகள் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் கவிதையைச் சொல்லிச் சொல்லி உருகுவோரிடமும் எனக்கு வழக்கு உண்டு. அதே மோதலில் இறந்த பயிற்சி விமானி எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபினுக்கும் வயது 19தான். அவர் பெயரை எத்தனை பேர் அறிவர்? புகழ்பெற்ற கவிதை எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை, அவ்வளவே குற்றம்.

வெள்ளையரைக் குறைகூறி நாம் தப்பிக்க இயலாது. நம் ஊர்களில் எந்த இயக்கத்துப் பிள்ளை என்று பார்த்தல்லவா விளக்கேற்றினோம்? ‘மாற்று இயக்கம்’ என்ற ஒரு சொல்லுக்காக, மகனின் ஆண்டுத் திருப்பலியில் வெற்று இருக்கைகளுக்கு நடுவே முழந்தாளிட்ட தாயொருத்தியை நான் கண்டிருக்கிறேன். அவனோடு ஒரே வாங்கில் படித்தவர்கள்கூட அன்று வரவில்லை. அந்த மௌனத்தை நாம் கடல் கடந்தும் சுமந்து வந்திருக்கிறோம். சுடப்பட்டவன் பெயரைச் சொல்ல அவனது குடும்பமே இன்றும் குரலைத் தாழ்த்துகிறது. இதற்கு எந்த வான்படையைக் குற்றஞ்சாட்டுவோம்?

வரும் ஞாயிறு மகீ, கிரிஃபின் இருவருடைய பெயர்களையும் பீடத்தில் வாசிப்பேன். உங்கள் வீட்டு இறந்தோரின் பெயர்களையும் தாளில் எழுதிப் பெட்டியில் இடுங்கள். பெயர் மட்டும் போதும். இயக்கத்தை எழுத வேண்டாம்.