பதிவேட்டில் பெயரில்லாத கையாள்

குமரி மாவட்டத்தின் திற்பரப்பு, குலசேகரம் பக்கம் எழும் புதுக் கட்டடங்களின் சாரத்தில் இப்போது அடிக்கடி கேட்பது இந்தியும் வங்காளமும். உள்ளூர்க் கொத்தனார்கள் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் போன இடத்தில் பீகார், ஒடிசா, மேற்கு வங்க இளைஞர்கள் கையாளாக நிற்கிறார்கள். ஊரில் ஒரு திருட்டு நடந்தால் முதல் சந்தேகமும் இவர்கள்மேல்தான்.

இவர்கள் இந்தியக் குடிமக்கள். நாட்டில் எங்கும் போய்த் தங்கிப் பிழைக்கும் உரிமை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவிலேயே இருக்கிறது. திருப்பூர்ப் பகுதியில் 2025 ஜனவரியில் ஆவணமில்லாத வங்கதேசத்தவர் பிடிபட்டது உண்மை. அத்தகையோருக்கு 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றச் சட்டமும் இருக்கிறது. ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் வங்காளம் பேசுகிறார் என்பதற்காக மேற்கு வங்கத்து மால்டாக்காரரை வங்கதேசத்தவர் ஆக்குவது அநியாயம்.

பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் கேரளத்தின் ஆலுவாவில் ஐந்து வயதுக் குழந்தையைக் கொன்றவர் பீகாரிலிருந்து வந்த தொழிலாளி. டெல்லியில் ஏற்கெனவே போக்சோ வழக்கில் சிக்கியவர். கூட இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அந்தக் குழந்தையின் பெற்றோரும் பீகாரிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதே ஆண்டு மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. குமரி மாவட்டத்துக்காரரான அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. வதந்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

வந்தவர் யார் என்பதற்கு இங்கே ஒரு பதிவும் இல்லை என்றால், அது யாருடைய குற்றம்? வெளிமாநிலத் தொழிலாளர் ஐந்து பேர் இருந்தாலே பதிவும், ஆளெடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு உரிமமும், தொழிலாளிக்குப் பாஸ்புக்கும் வேண்டும் என்றது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதைப் பெரும்பாலோர் மதிக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பைப் பத்தாக உயர்த்திவிட்டது. நாலைந்து பேரை வைத்து வீடு கட்டும் மேஸ்திரி இனி யாருக்குக் கணக்குக் காட்டுவார்?

பதிவில்லாமல் வேலை பார்க்கும் இந்த வேதனை குமரிக்காரர்களுக்குப் புதிதல்ல. விசிட் விசாவில் வளைகுடா போய்த் தங்கியோ, வேலைக்குப் போய் இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி காலாவதியாகியோ, கபீல் என்னும் பொறுப்பாளருக்கும் போலீசுக்கும் பயந்து ஒளிந்து வேலை பார்த்தவர்கள் இங்கும் உண்டு. 2013இல் சவூதியின் நிதாகத் (உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கீடு) கெடுபிடியின்போது பொதுமன்னிப்பில் ஊர் திரும்பிய இந்தியர் ஏராளம். அவர்களைக் குற்றவாளிகள் என்று இந்த ஊர் சொல்லவில்லை.

போலீஸ் நிலையத்தில் ஆதார் நகலை வாங்கி வைப்பதோடு வேலை முடிந்துவிடக் கூடாது. எத்தனை பேர், யாரிடம், என்ன கூலிக்கு என்ற கணக்கைத் தொழிலாளர் துறை நேரில் வந்து எடுக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் இவர்களைச் சேர்க்கும் பொறுப்பு வேலைக்கு வைத்தவருடையதாக வேண்டும். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் இழப்பீடு கேட்க, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு தாளாவது இருக்க வேண்டும்.