நெடும்பயண மோட்டார் சைக்கிளும் அதன் காம்ஷாப்டும்

"800 இறாத்தலுக்கு மேல் நிறையுள்ள மோட்டார் சைக்கிளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கும் அமெரிக்கர், வாங்கிய கையோடு எஞ்சினைத் திறந்து காம்ஷாப்டை மாற்றுகின்றனரே, அஃது எதற்காக? செய்தவனுக்குத் தெரியாத வித்தை மாற்றுபவனுக்குத் தெரியுமா?" என்று மாணவர் ஒருவர் எம்மை வினவினார். நல்ல வினா. பௌதிகம் படிப்போருக்கு மட்டுமன்றி, பொருள் வாங்கும் எவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. ஆதலின் இவ்வாரப் பகுதியை இதற்கே ஒதுக்குகின்றோம்.

மாணவர் குறித்த வண்டி ஹார்லி டேவிட்சன் கம்பெனியாரின் நெடும்பயண வண்டியாகும். 1903ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரிலே தோன்றிய இக் கம்பெனியார், 1965இல் மின்சாரத் தொடக்கியோடு கூடிய 'இலெக்ட்ரா கிளைட்' என்னும் வண்டியை வெளியிட்டனர். முன்னே காற்றுத் தடுப்பு, இரு மருங்கும் பெட்டிகள், பின்னே துணைவியார் சாய்ந்து அமரத்தக்க ஆசனம். ஓட்டுபவரும் துணைவியாரும் மூட்டை முடிச்சுகளும் சேர்ந்தால் 1200 இறாத்தலைத் தாண்டுவது அரிதன்று. இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு, மொன்டானாவுக்கும் வயோமிங்குக்கும் இடையே 10,947 அடி உயரத்தில் உள்ள பெயர்டூத் கணவாயை ஏறவேண்டும். அவ்வுயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைவு. எஞ்சின் மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை.

எஞ்சினின் மூச்சை ஆள்வதே காம்ஷாப்ட். முட்டை வடிவமான புடைப்புகளை உடைய உருக்குத் தண்டு அது. சுழலுந்தோறும் புடைப்பு ஒரு கோலை மேலே தள்ள, கோல் வால்வைத் திறக்கின்றது. புடைப்பு விலக, சுருள்வில் வால்வை மூடுகின்றது. நான்கடிப்பு எஞ்சினில் முசலத்தை இயக்கும் தண்டு இருமுறை சுழல, காம்ஷாப்ட் ஒருமுறை சுழலும். 1999ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த 'ட்வின் காம் 88' எஞ்சினில், உருளைக்கு ஒன்றாக இரண்டு காம்ஷாப்டுகள். 2017ஆம் ஆண்டு வண்டிகளில் வந்த 'மில்வோக்கி எயிட்' எஞ்சினில் வால்வுகள் எட்டு, காம்ஷாப்டோ ஒன்றே.

முசலம் கீழிறங்கும்போது உட்கொள் வால்வு திறந்திருக்க வேண்டும், அடியை அடைந்ததும் மூடவேண்டும் என்றே மாணவர் நினைப்பர். பாடநூற் படமும் அவ்வாறே காட்டும். உண்மை அதுவன்று. நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓர் அடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.012 செக்கன், 5000 சுற்றில் அதிற் பாதி. காற்றுக்கும் திணிவு உண்டு; ஓடத் தொடங்கியது உடனே நில்லாது. ஆகவே முசலம் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பின்னரும் வால்வைச் சில பாகை திறந்து வைத்தால், விரைந்து வரும் காற்றுத் தன் வேகத்தாலேயே இன்னும் சிறிது உள்ளே புகும். வேகம் மிக்க ஓட்டத்தில் இஃது இலாபம். ஆனால் மெதுவான ஓட்டத்தில் காற்றுக்கு அவ்வேகம் இல்லை. மேலேறும் முசலம், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். விருந்தினர் நுழைந்த பின்னும் கதவைத் திறந்து வைத்தால் சிலர் எழுந்து போவது போலத்தான்! உட்கொள் வால்வு மூடும் பாகையே காம்ஷாப்டின் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது என்று கற்றோர் கூறுவதன் காரணம் இதுவே. விலைப்பட்டியலில் வேறெதைப் பார்க்காவிடினும் அந்த ஓர் எண்ணைப் பார்த்தல் வேண்டும்.

பெரும்பாலோர் பார்ப்பதோ குதிரைவலுவை. முறுக்குவிசையை அடி-இறாத்தலில் அளந்து, நிமிடச் சுற்றால் பெருக்கி, 5252ஆல் வகுத்தால் குதிரைவலு கிடைக்கும். 90 அடி-இறாத்தல் முறுக்குவிசை 2500 சுற்றில் ஏறத்தாழ 43 குதிரைவலு. அதே முறுக்குவிசை 5000 சுற்றில் 86. எனவே வால்வைப் பிந்தி மூடி, முறுக்குவிசையின் உச்சத்தை மேற்சுற்றுக்குத் தள்ளினால் விளம்பரத்தில் அச்சிடத்தக்க பெரிய எண் கிடைத்துவிடும். ஆனால் நெடும்பயண வண்டி நெடுஞ்சாலையில் ஓடுவது பெரும்பாலும் 2500 சுற்றை ஒட்டியே. லொறியொன்றை முந்த எண்ணி ஓட்டுபவர் கைப்பிடியை முறுக்கும் வேளையில், 5000 சுற்றில் காத்திருக்கும் வலுவால் என்ன பயன்? பின்னால் ஒருவர் அமர்ந்திருக்க, எதிரே வாகனம் வந்துகொண்டிருக்க, வண்டி முன்னே பாய வேண்டிய கணத்தில் சோம்பி நின்றால் அது வெறும் பணநட்டத்தோடு போகாது. எமது கருத்தில் பாரவண்டிக்கு ஏற்றது வால்வை முந்தி மூடும் காம்ஷாப்டே. பந்தயத்துக்கு உரியதைப் பயணத்துக்குப் பூட்டுதல் பொருந்தாது.

வால்வு எவ்வளவு உயரம் எழுகின்றது என்பது மற்றோர் அளவு. இலினோய் மாநிலத்திலே 1958இல் தோன்றிய எஸ் அண்ட் எஸ் கம்பெனியார் தமது காம்ஷாப்டுக்கு 510 என்று பெயரிட்டால் வால்வு 0.510 அங்குலம் எழும் என்பது பொருள். 585 என்றால் 0.585 அங்குலம். எழுச்சி மிகுந்தால் பழைய சுருள்வில் தாங்காது. வில்லையும் மாற்றவேண்டும், செலவு ஏறும். வால்வு திறந்திருக்கும் பாகையை ஒப்பிடும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வெஞ்சின்களுக்குக் காம்ஷாப்டு செய்வோர் 0.053 அங்குலம் எழுந்த நிலையிலிருந்து கணக்கிடுவது வழக்கம். வேறோர் அளவில் கணக்கிட்ட எண்ணோடு அதை ஒப்பிடுவது முழத்தையும் சாணையும் ஒப்பிடுவதாகும்.

நெருக்க விகிதமும் இதனோடு பிணைந்தது. வால்வு பிந்தி மூடினால் கலவை கசிந்து மெய்யான நெருக்கம் குறையும். அத்தகைய காம்ஷாப்டு உயர்ந்த நெருக்க விகிதத்தை வேண்டி நிற்கும். மாறாக, நெருக்கத்தை முன்னரே உயர்த்திய எஞ்சினில் வால்வை மிக முந்தி மூடினால், கோடை வெப்பத்தில் பாரத்தோடு மேடேறும்போது, தீப்பொறி தொடக்கிய எரிவு முடியுமுன் எஞ்சிய கலவை தானே வெடித்து முசலத்தைத் தாக்கும். முந்தி மூடுவது நன்று என்ற எமது கூற்றை அளவின்றிக் கொள்ளலாகாது.

இனி, 1999 முதல் 2006 வரையிலான ட்வின் காம் வண்டிகளை வைத்திருப்போர் காம்ஷாப்டின் பெயரைத் தேடுமுன் வேறொன்றைப் பார்த்தல் வேண்டும். அவ்வெஞ்சினில் காம்ஷாப்டுகளைச் சங்கிலிகள் சுழற்றுகின்றன. சங்கிலி தளராதிருக்க ஒரு பிளாஸ்டிக் கட்டை வில்லின் விசையால் அதன்மேல் அழுந்திக்கொண்டிருக்கும். நாளடைவில் கட்டை தேயும். தேய்ந்த துகள் எண்ணெயிற் கலந்து எண்ணெய்ப் பம்பியைக் கெடுக்கும். வெளியே யாதொரு சத்தமும் கேளாது. 2007ஆம் ஆண்டு வண்டிகள் யாவற்றிலும் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் வேறு அமைப்பு வந்துவிட்டது. பழைய வண்டிக்காரர் பலர் அக்கட்டையைப் பரிசோதிக்க மூடியைத் திறந்தபோதே காம்ஷாப்டையும் மாற்றுவர். கூலி ஒருமுறையோடு போகும் அல்லவா? சிக்கனமான யோசனைதான். உள்ளே இருக்கும் ஊசித் தாங்கிகளையும் அவ்வேளையிலேயே புதுப்பிப்பது முறை. சங்கிலியை நீக்கிப் பற்சக்கரம் பூட்டுவோரும் உளர். பிரதான தண்டு அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு கணக்கில் நேராகச் சுழன்றாலன்றி அது சரிவராது.

செய்தவனுக்குத் தெரியாதா என்ற வினாவுக்கு வருவோம். நன்றாகத் தெரியும். ஆனால் செய்பவன் புகை, ஓசை பற்றிய சட்டங்களுக்கும், வெவ்வேறு பழக்கமுள்ள இலட்சக்கணக்கான வாங்குவோருக்கும் ஒருங்கே பொருந்தச் செய்யவேண்டியவன். தன் வண்டியின் பாரத்தையும் பாதையையும் அறிந்தவன் அதை ஓட்டுபவனே. ஆயினும் சட்டம் இருவரையும் விடுவதில்லை. எரிபொருள் அளவை மாற்றும் கருவிகளை விற்றதன் தொடர்பில், 2016 ஓகஸ்டில் ஹார்லி டேவிட்சன் கம்பெனியாரே அமெரிக்க அரசாங்கத்துக்கு 12 மில்லியன் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டனர். காம்ஷாப்டை மாற்றினால் எரிபொருள் ஊட்டும் மின்னணுக் கணக்கையும் மாற்றியே ஆகவேண்டும். ஆதலால் அப்பகுதியின் விதியையும் வண்டியின் உத்தரவாதப் பத்திரத்தையும் வாசித்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுத்தல் வேண்டும்.

கடைக்காரர் அளந்து காட்டும் வலு வரைபடம் 3000 சுற்றிலிருந்து தொடங்குமாயின் அதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 2000 சுற்றிலிருந்து தொடங்கும் மற்றொன்றைக் கேட்கலாம்.