மஞ்சள் கடுதாசிக்கும் வழியில்லை

கடன் கழுத்தை நெரிக்கக் கைவிரித்தவனைப் பற்றி 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டான்' என்று ஊரில் சொல்வார்கள். சொல்லில் இளக்காரம் இருக்கலாம். ஆனால் திவால் மனு கொடுப்பது சட்டம் தந்த உரிமை. அந்த உரிமை இன்றும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. சென்னை மாநகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம்.

இவற்றை நீக்கிவிட்டுத் தனிமனிதருக்கும் புது வழி செய்வதாகத்தான் 2016இல் திவால் சட்டம் வந்தது. அதில் 'புதிய தொடக்கம்' என்று ஒரு அத்தியாயம் உண்டு. ஏதுமற்ற ஏழையின் மனுவை ஏற்றுக்கொண்டால் 180 நாள் யாரும் வசூல் நடவடிக்கை எடுக்க முடியாது. முடிவில் தகுதியுள்ள கடன் தள்ளுபடியாகும். அருமையான ஏற்பாடுதான், ஏட்டில். நிறுவனங்களுக்கான பகுதி அந்த ஆண்டே அமலுக்கு வந்தது. அவற்றின் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கான விதிகள் 2019இல் வந்தன. ஏழைக்கான அத்தியாயத்தையோ அரசு அமலாக்கவே இல்லை.

நாளைக்கே அமலானாலும் யார் உள்ளே நுழைவது? ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சொத்து 20,000, கடன் 35,000, இவையே உச்சவரம்பு. சொந்த வீடு இருக்கக் கூடாது. கல்விக் கடனுக்கு விலக்கே கிடையாது. மாதம் ஐயாயிரத்துக்கு மேல் சம்பாதிக்கும் சித்தாள்கூட இந்தக் கணக்கில் வசதிக்காரி! ஆனால் ஆண்டுக்கு மூன்று லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் நுண்கடன் கொடுக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. கொடுப்பதற்கு ஒரு அளவுகோல், மீள்வதற்கு வேறொன்று.

வாரத் தவணை நாளில் நுண்கடன் குழு கூடும் திண்ணையைப் பார்த்தவர்களுக்கு மீள வழியில்லாத வேதனை புரியும். ஒருத்தி பணத்தோடு வரவில்லை என்றால் வசூலிப்பவர் நோட்டை மூடுவதில்லை. மற்றப் பெண்கள் வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று போட்டுக் கட்டிவிட்டு, அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியையே வசூல் ஆளாக்கும் ஏற்பாடு இது. கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டம் மிரட்டலை நிறுத்தலாம், கடனைத் தீர்க்காது.

நிறுவனம் நொடித்தால் ஏற்கப்பட்ட கடன்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அளவே திரும்பி வருகிறது. மீதியை வங்கிகள் சத்தமில்லாமல் தலைமுழுகுகின்றன. அங்கே அது 'தீர்வு'. இங்கே 35,000 ரூபாய்க்கு மானம் போகிறது. 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதாவும் குழும நிறுவனங்கள், எல்லை கடந்த திவால் போன்றவற்றைத்தான் பேசியது.

திவால் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். தமிழக அரசும் நம் எம்.பி.க்களும் இனியும் வாய் மூடியிருக்கக் கூடாது. உச்சவரம்புகளை இன்றைய கூலிக்கும் விலைவாசிக்கும் ஏற்ப உயர்த்தி, புதிய தொடக்க அத்தியாயத்தை மத்திய அரசு உடனே அமலாக்க வேண்டும்.