தேய்ந்த புஷ்ஷும் பழமை பேணலும்

பழமையைப் போற்றுவோர் நம்மிடையே பலர் உளர். பழைய மோட்டார் வண்டிகளை வைத்திருப்போர் அவர்களுள் ஒரு தனிக் கூட்டத்தினர். மொறிஸ் மைனர் வண்டியொன்றுக்குப் புதுவர்ணம் தீட்டி, குரோமியப் பூச்சுக்களை முகம் தெரியத் துலக்கி, மணமக்களை அதில் ஏற்றிச் செல்லும்பொழுது தெருவே திரும்பிப் பார்க்கின்றது. ஆயின் அவ்வண்டி சிறு பள்ளமொன்றில் இறங்கும்பொழுது முன்புறத்திலிருந்து ‘டொக்’ என ஓர் ஓசை எழுந்தால், உரிமையாளர் அதனைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடுகின்றார். அந்த ஓசையைப் பற்றியே இங்கு சில கூற விரும்புகின்றேன்.

இலக்கியப் பகுதியில் மோட்டார் வண்டியின் உறுப்புக்கு இடம் ஏது என்று வாசகர் வினவலாம். பழையதொன்றைக் காப்பது என்பதன் பொருள் யாது என்னும் வினா, ஏட்டுச் சுவடிக்கும் கோயிற் சிற்பத்துக்கும் மட்டும் உரியதாகாது. மோட்டார் வண்டியிலே அவ்வினாவைத் தட்டிக்கழிக்க இயலாது. பிழையான விடைக்கு அங்கே உயிரும் விலையாகலாம்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் சிமிர்ணா நகரிற் பிறந்த அலெக் இசிகோனிஸ். முன்சில்லுகளின் பாரத்தை வண்டியின் நெடுக்கே கிடக்கும் இரு முறுக்குத் தண்டுகள் தாங்குமாறு அவர் அமைத்தார். சில்லு மேலெழும்பொழுது தண்டு முறுகும். பள்ளம் கடந்ததும் முறுக்கு விடுபடும். சில்லைத் தாங்கும் கீழ்க்கை அடிச்சட்டத்தோடு சேருமிடத்திலும், அதனை முன்னிருந்து பற்றி நிற்கும் கம்பியின் நுனியிலும், மேலே அதிர்வுதாங்கியின் கை வந்து பொருந்துமிடத்திலும் இறப்பர் உறுப்புக்கள் உள்ளன. இவற்றையே தொழிலாளர் ‘புஷ்’ என்பர். இரும்பு இரும்பைத் தீண்டாமல் இடையில் நின்று, தெருவின் அடிகளைத் தான் ஏற்றுத் தேய்வதே இதன் தொழில்.

இறப்பர் புஷ் உராய்ந்து சுழலும் உறுப்பு என்று எண்ணுதல் தவறு. உள்ளும் புறமும் இரும்பினால் இறுகப் பற்றப்பட்ட நிலையில், இறப்பரே முறுகி நெகிழ்ந்து அசைவுக்கு இடங்கொடுக்கின்றது. ஆதலின் இதற்கு எண்ணெய் வேண்டியதில்லை. எண்ணெய் இயற்கை இறப்பருக்குப் பகை. பட்ட இடம் ஊதி மென்மையாகிக் கெடும். மசகு ஒழுகும் இயந்திரத்தின் கீழ் வாழும் புஷ்கள் விரைவில் அழிவது இதனாலேயே. அழிந்தபின் சுக்கானைப் பிடித்திருப்பவர் அதனை உணர்வார். நேரே செல்லும் வண்டி தானாக விலகும். பிறேக்கை அழுத்தினால் ஒருபக்கம் இழுக்கும். ரயர் ஓர் ஓரத்தில் மட்டும் தேயும்.

மாற்றும் முறையில் மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, முறுக்குத் தண்டு எப்போதும் வலுவை அடக்கி நிற்பது. கீழ்க்கையை உறுதியாகத் தாங்கிக்கொள்ளாமல் ஆணியைக் கழற்றினால், அக்கை விசையோடு கீழே பாய்ந்து எலும்பை முறிக்கவும் கூடும். இரண்டாவது, ஒருபக்கத்தை மட்டும் மாற்றுதல் சிக்கனமாகத் தோன்றினும் சிக்கனமன்று. ஒருபுறம் இறுகியும் மறுபுறம் தளர்ந்தும் உள்ள வண்டி நேர்வழி செல்லாது. மூன்றாவதே தலையாயது. புதிய புஷ்ஷைப் பொருத்தியபின், வண்டி அந்தரத்தில் உயர்ந்திருக்கும்பொழுதே இறுதி முறுக்கைக் கொடுத்துவிடல் ஆகாது. தொங்கும் சில்லின் நிலையில் இறுக்கப்பட்ட இறப்பர், வண்டி தரையில் அமர்ந்த கணமே முறுகிவிடும். பின் ஒருபோதும் ஓய்வு பெறாது சில மாதங்களிற் கிழியும். சில்லுகளைத் தரையில் ஊன்றி, வண்டியை இரண்டொரு முறை அமுக்கி அசையவிட்டு, அது தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும் நிலையில் நட்டுக்களை இறுக்குதல் வேண்டும். பாரம் ஏறிய நிலையிலேதான் பிணைப்பு உறுதிப்பட வேண்டும் என்னும் இந்த விதியை நல்ல தொழிலாளர் நன்கறிவர். அவசரக்காரர் இதனை மீறிவிட்டுப் புது இறப்பரின் தரத்தைப் பழிப்பர்.

இனி, மாற்றத்தையே வெறுப்போர் கூற்றை ஆராய்வோம். வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் பிறந்த நாளில் இருந்தவாறே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதல்வடிவம் என்று இவர்கள் வணங்குவது யாது? மைனர் விற்பனைக்கு வருமுன்பே, அகலம் போதாதென்று கண்ட இசிகோனிஸ் மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் விரித்தார். 1948இல் 918 கன சென்ரிமீற்றராக இருந்த இயந்திரம் 803, 948, 1098 எனப் பிற்காலத்தில் மாறியது. திருத்தங்களின் வழியே வளர்ந்த ஒன்றைத் திருத்தமே கூடாதென்று பூட்டிவைப்பது அதனை வகுத்தவனின் உள்ளத்துக்கே மாறானது. அன்றியும், புஷ் தேய்வதற்கென்றே படைக்கப்பட்ட உறுப்பு. அதனைத் தேய்ந்தபடியே விடுவோர் அதனைக் காப்பவராகார். அது காத்துநின்ற கைகளையும் தண்டையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து அழிப்பவராவர்.

எதிர்ப்புறத்தே நிற்போர் புதுமையில் மயங்கியவர். இறப்பரை நீக்கிப் பொலியூரித்தேன் புஷ்களைப் பொருத்தினால் வாழ்நாள் முழுதும் கவலையில்லை என்பர். அப்பொருள் எண்ணெய்க்கு அஞ்சாது, நெடுநாள் உழைக்கும், இவை உண்மையே. ஆயினும் அதன் கடினம் தெருவின் அதிர்வை வண்டியின் உடலுக்கு ஏற்றிவிடுகின்றது. இறப்பர்போல் முறுகாது, அது பெரும்பாலும் வழுக்கிச் சுழலும் இயல்பினது. பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். அறுபது ஆண்டு கடந்த தகட்டுடலுக்கு, தான் நெகிழ்ந்து பிறவற்றைக் காக்கும் இறப்பரே தக்கது என்பது என் துணிபு.

அவ்விறப்பரும் நமக்கு அந்நியமானதன்று. 1876ஆம் ஆண்டு ஹெனரத்கொடப் பூங்காவில் ஊன்றப்பட்ட கன்றுகளிலிருந்தே இலங்கையின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது. களுத்துறை, கேகாலைத் தோட்டங்களிற் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு உலகெங்கும் எத்தனையோ சில்லுகளின் அடியிற் கிடக்கின்றது.

வண்டிகளும் நம் வரலாற்றோடு கலந்தவை. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய வண்டிகளுக்குக் கதவடைத்தபோது, இருந்தவற்றைப் பேணியே நம்மவர் வாழ்ந்தனர். 1990களில் பொருளாதாரத் தடையாற் பெற்றோல் அருகிய யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை மருத்துவமனைக்குச் சுமந்தன. மீண்டும் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025வரை தடைப்பட்டிருந்தது. இவ்வாறு வந்த இடர்களிலெல்லாம் இவ்வண்டிகளை ஓடவைத்தது செல்வரின் பழமைப்பற்றன்று. கராஜுகளில் மண்ணிற் படுத்துக் கிடந்து ஆணி முறுக்கிய தொழிலாளரின் அறிவே.

அந்த அறிவு எங்கே எழுதப்பட்டுள்ளது? கிழவரின் கைகளிலும் அவரருகே நின்ற சிறுவரின் கண்களிலுமே அது பெரிதும் தங்கியிருக்கின்றது. ஓசையைக் கேட்டே எந்தப் புஷ் தேய்ந்ததெனச் சொல்வோர் குறைந்து வருகின்றனர். சொற்களோ, ஆங்கிலமும் தமிழும் கலந்து பட்டறையிலேயே பிறந்தவை. அகராதிக்காரர் இவற்றைத் தேடி வந்ததில்லை. வளர்தமிழ் பற்றி மேடையிற் பேசும் நாம், உழைக்கும் தமிழைக் கேட்க ஒரு பிற்பகலையேனும் ஒதுக்கியதுண்டா?

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் செய்யலாம். தத்தம் ஊரில் உள்ள முதிய தொழிலாளர் ஒருவரை அணுகுக. அவர் கழற்றும் முறையையும், தாங்கும் முறையையும், இறுதி முறுக்குக்காக வண்டியைத் தரையிறக்கும் வேளையையும் அவர் சொற்களிலேயே குறித்துக்கொள்க. அவர் ‘நட்டு’ என்றால் நட்டு என்றே எழுதுக. இலக்கணம் பின்னர் வரட்டும். வண்டியை வைத்திருப்போர்க்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வர்ணப் பூச்சுக்குப் பணம் ஒதுக்குமுன், முன்சில்லின் அருகே குனிந்து அந்த இறப்பர் வெடித்திருக்கின்றதா என்று பார்த்துவிடுங்கள். நுங்கள் வண்டியில் அமர்ந்து செல்லும் மணமக்கள் அதனைக் காணமாட்டார்கள். ஆயினும் அவர்கள் நலமாக வீடு சேர்வது அதனைச் சார்ந்தது.