உயிரோடு இருக்கும்போதே எதற்கு செட்டில்மென்ட்?

"எப்படியும் உங்களுக்கப்புறம் அவனுக்குத்தானே, இப்பவே எழுதிக் கொடுத்திட்டா என்ன?"

வீடு வைத்திருக்கும் எழுபது வயதுக்காரர் யாரையும் கேட்டுப் பாருங்கள். மகனோ, சம்பந்தியோ, யாராவது ஒருவர் இதைக் கேட்டிருப்பார்கள். பத்திரம் எழுதுபவரும் சேர்ந்துகொள்வார்: "உயில்னா கோர்ட்டு, கேஸுன்னு போகும் சார். செட்டில்மென்ட் போட்டுடுங்க, செலவும் கம்மி."

குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு என்பது உண்மைதான். ஆனால் உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம் என்பதை அவர் ஏன் சொல்வதில்லை? வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் நம் கையெழுத்தைப் பார்த்து, நம் முன்னாலேயே கையெழுத்திட வேண்டும். பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. (பூர்வீகச் சொத்தில் நம் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். முஸ்லிம் நண்பர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு உண்டு.)

உயிலை மனம் மாறினால் எத்தனை தடவையும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவானதும் வீடு அவர்களுடையது. அடமானம் வைத்தாலும், விற்றாலும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

நான் வங்கியில் இருந்த காலத்தில் குடும்ப பென்ஷன் வாங்க ஓர் அம்மா வருவார். கணவர் கட்டிய வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்தவர். அதே வீட்டின் மாடி அறையில் இருக்க மாதாமாதம் மகனிடம் பணம் கொடுத்துவந்தார். வாடகை என்று சொல்லமாட்டார். "கரன்ட் பில்லுக்கு" என்பார்.

2007-இல் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய அதன் 23-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாக நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் முதியோர் பக்கம் சற்றுத் தாராளமாக நின்றது. நம் வழக்கு எந்தப் பக்கம் விழும் என்று சோதித்துப் பார்க்கிற வயதா இது?

உயிலால் சண்டை வரும் என்கிறார்கள். வரட்டும். அந்தச் சண்டையைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். செட்டில்மென்ட் சண்டை என்றால் கோட்டாட்சியர் அலுவலக பெஞ்சில் மாத்திரை டப்பாவோடு நான்தான் உட்கார வேண்டும்.

கொடுத்தே தீர வேண்டுமென்றால், உங்கள் இருவருக்கும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "பெத்த பிள்ளையையே சந்தேகப்படறீங்களா?" என்று கேட்டால், ஆமாம் என்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உயிலுக்குச் சாட்சியாக நம் வாக்கிங் நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். பிரச்சினை வந்தால் சாட்சி கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். எனக்கு ஒருவர் என் டாக்டர், மற்றவர் எதிர்வீட்டுப் பையன். இரண்டு பேருக்கும் இன்னும் ஐம்பது ஆகவில்லை.