பொம்மை நடக்க லட்ச ரூபாய்க் கேமரா வேண்டுமா?



களிமண் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு படம் எடுத்து, கடைசியில் அது தானாகவே நடப்பது போலக் காட்டுகிறார்களே, அதற்குப் பெயர்தான் ஸ்டாப் மோஷன். நம்ம பசங்களுக்கு இதில் ஆர்வம் அதிகம். ஆனால் குறும்படப் போட்டி என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும் முதலில் பேசுவது கதையைப் பற்றியா? பொம்மையைப் பற்றியா? இல்லை! "மச்சி, வீடியோ கேமரா யார்கிட்ட இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி.

கேமரா வைத்திருப்பவன் டைரக்டர். ராத்திரி பகலாகப் பொம்மை செய்தவன் பெயர் 'நன்றி' வரிசையில் கடைசி! கேமரா இல்லாதவன் தவணையில் வாங்குகிறான். என் நண்பன் ஒருவன் அந்தத் தவணை கட்டுவதற்காகச் சனி, ஞாயிறுகளில் தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் துணி மடித்துக் கொண்டிருக்கிறான். படம் எடுக்கத்தான் அவனுக்கு நேரமில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். தவணை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால்தான் கேட்கிறேன்: பொம்மைப் படத்துக்கு உண்மையிலேயே என்ன கேமரா வேண்டும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மைப் படத்தில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை ஓட்டினாலும் நம் கண் ஏற்றுக்கொள்ளும். ஆக, விநாடிக்கு 12 படம் எடுத்தால் போதும். ஒரு நிமிடப் படத்துக்கு 720. ஒவ்வொன்றுக்கும் பொம்மையைச் சரி செய்ய ஒரே ஒரு நிமிடம் என்று வைத்தாலும் 12 மணி நேரம்!

இந்த 12 மணி நேரமும் கேமரா என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது! அசையக் கூடாது. வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. ஃபோகஸையும் நிறத்தையும் தானாக மாற்றக் கூடாது. பாதியில் சார்ஜ் தீர்ந்து கண்ணை மூடக் கூடாது. "இந்தக் கேமரா தானாக என்னென்ன செய்யும்?" என்று கடையில் கேட்கிறோம். கேட்க வேண்டியது, "தானாகச் செய்வதையெல்லாம் நிறுத்தி வைக்க முடியுமா?" என்பதுதான்.

வீடியோ கேமராவை விற்பவர் சொல்லும் பெருமைகளோ எல்லாமே 'ஆட்டோ'! கல்யாண மண்டபத்தில் மணமேடைக்கும் பந்திக்கும் ஓடுகிறவருக்கு அது வரம். நமக்கு அதுவே சாபம். பொம்மையை நகர்த்த நம் கை உள்ளே போய் வெளியே வருவதற்குள் கேமரா வெளிச்சத்தை மாற்றிவிடும். ஓட்டிப் பார்த்தால் காட்சி மினுக் மினுக்கென்று துடிக்கும். சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பழைய டேப் கேமராவை வாங்கினால் இன்னொரு தொல்லை. டேப்பைப் போட்டுச் சும்மா வைத்தால், டேப் தேயாமலிருக்கச் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடும் வகைதான் அதிகம். மினி டிவி டேப்பில் ஒரு படம் 720 x 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகள். இன்றைய முழு ஹெச்.டி. படத்துக்கே 20 லட்சத்துக்கு மேல் வேண்டும். நம் பையில் கிடக்கிற சாதாரண செல்போன் கேமராவிலோ ஒரு கோடிக்கு மேல்!

"போனில் எடுத்தால் மதிப்பு இருக்குமா?" என்பார்கள். சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1912-ல் தாதாசாகேப் பால்கே இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்துவிட்டு லண்டன் போய், ஒரு வில்லியம்சன் கேமராவை வாங்கி வந்தார். அதில் அவர் எடுத்துக் காட்டியது ராஜா ராணி கதை அல்ல. தொட்டியில் ஒரு பட்டாணிச் செடி வளர்வதை! கேமராவை அதன் முன்னால் நிறுத்தி, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படமெடுத்து, செடி கண் முன்னே கிடுகிடுவென வளர்வது போல ஓட்டிக் காட்டினார். நம்முடைய பொம்மைப் படத்துக்கு அது உடன்பிறப்பு. அதைப் பார்த்துத்தான் பணம் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வந்தது. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது.

நம்ம சென்னைக்கு வாருங்கள். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தை எடுத்த ஆர்.நடராஜ முதலியார் கையில் இருந்ததும் வில்லியம்சன் கேமராதான். அதுவும் புத்தம் புதுசு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கியது. கை மாறி வந்த கேமராவில்தான் இங்கே சினிமாவே பிறந்தது!

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? 2005-ல் வந்த 'கார்ப்ஸ் பிரைட்' முழுநீளப் பொம்மைப் படம். அதை எடுத்தது வீடியோ கேமராவில் அல்ல. போட்டோ எடுக்கும் கேனான் டிஜிட்டல் கேமராவில். 2010-ல் இங்கிலாந்தின் ஆர்ட்மேன் நிறுவனம் வெறும் 9 மில்லி மீட்டர் உயரப் பொம்மையை வைத்து 'டாட்' என்ற படத்தை எடுத்தது நோக்கியா என்8 செல்போனில்! இனி யாராவது "போனா?" என்று சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

பால்கே காலத்தில் கேமராவுக்காகக் கப்பலேற வேண்டியிருந்தது, அடகு வைத்தார். நாம் எதற்கு அடகு வைக்க வேண்டும்?

போன் போதும், ஆனால் அதை அடக்கி வைக்க வேண்டும். 'ப்ரோ' வசதி இருந்தால் வெளிச்சம், ஃபோகஸ், நிறம் மூன்றையும் கையால் வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்டாப் மோஷனுக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் செயலியில் பூட்டிக் கொள்ளலாம். போனை ஸ்டாண்டில் இறுக்கி, சார்ஜரில் போட்டு, ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். பாதிப் படத்தில் அம்மா போன் செய்தால் பொம்மை துள்ளிவிடும்! திரையைத் தொட்டாலும் ஆடும் என்பதால் புளூடூத் பொத்தானால் படமெடுங்கள்.

ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள். அது நகரும், மேகம் மறைக்கும். ஜன்னலை மூடி இரண்டு விளக்கு போதும். வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். கறுப்புச் சட்டை போடுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள். வியர்க்கும், என்ன செய்ய?

இதற்கு மேல் தரம் வேண்டுமென்றால் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று. எல்லாவற்றையும் கையால் வைக்க முடிகிறதா, கம்ப்யூட்டர் திரையில் காட்சி நேராகத் தெரிகிறதா, கரண்டில் ஓட அடாப்டர் கிடைக்கிறதா, இதுவரை எத்தனை ஆயிரம் படம் எடுத்தது என்ற நான்கைப் பார்த்தால் போதும். லென்ஸில் துளையைக் கையால் திருப்பும் வளையம் இருந்தால் இன்னும் நல்லது. தானாகத் திறந்து மூடும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் இம்மியளவு மாறி மூடும். அதுவும் மினுக்கலைக் கொண்டு வரும்.

ஆனால் அந்தக் கேமராவை யார் வாங்குவது? இங்கேதான் நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை. ஒர்க் ஷாப்பில் லேத் மெஷினை எவனாவது வீட்டிலிருந்து தூக்கி வருகிறானா? லேபில் ஆசிலாஸ்கோப்பைத் தவணையில் வாங்கி வரச் சொல்கிறார்களா? பொதுவில் இருக்கிறது, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எல்லோரும் பழகுகிறோம். கேமராவுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்? பேரவை நிதியில் ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர்., ஒரு உறுதியான ஸ்டாண்டு, அடாப்டர், இரண்டு விளக்கு வாங்கி வைக்கட்டும். குழுவுக்கு ஒரு வாரம். போட்டி விதியிலும் ஒரு வரி சேரட்டும்: கேமரா யாருடையது என்பதற்காக யார் பெயரும் முதலில் வரக் கூடாது.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி முழுக்கப் பொம்மைகள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கூடை கூடையாகக் களிமண். நடிகர்களுக்குப் பஞ்சமே இல்லை! இருக்கிற போனை எடுங்கள், பூட்டுங்கள், 720 படம் எடுங்கள்.

கடன் வாங்காமல் நம் பொம்மைகள் நடக்கட்டும்!

— இறுதியாண்டு ஈ.சி.இ. மாணவன்