வேலை வெளிநாட்டில், வாடகை பெங்களூருவில்: வரிச் சுமை யாருக்கு?

பெங்களூரு: வைட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பகுதிகளில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் மென்பொருள் பொறியாளர்கள், அந்த வாடகைக்கு இந்தியாவில் வரி செலுத்தியாக வேண்டும்.

இதில் எதிர்பாராமல் சிக்குபவர் வாடகைதாரரே. உரிமையாளர் உள்நாட்டில் வசித்தால், மாத வாடகை ரூ.50,000-ஐத் தாண்டும்போது மட்டும் 2 சதவீதம் பிடித்தால் போதும். அவர் வெளிநாடுவாழ் இந்தியராகிவிட்டால் குறைந்தபட்ச வரம்பே கிடையாது. செஸ் உட்பட 31.2 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும். ரூ.40,000 வாடகையில் இது ரூ.12,480. பிடிக்கத் தவறினால் அத்தொகையை வட்டியுடன் வாடகைதாரரிடமே வருமான வரித்துறை கேட்கலாம். உரிமையாளரோ கணக்கு தாக்கல் செய்து, மிகையான தொகையைத் திரும்பப் பெறலாம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழையும் முன்கூட்டியே வாங்கலாம்.

புறப்படும் தேதியும் முக்கியம். நிதியாண்டில் 182 நாள்கள் இங்கு தங்கியவர், 'இந்தியாவில் வசிப்பவர்' ஆகிறார். எனவே, அதுவரை இங்கேயே இருந்து அக்டோபரில் விமானம் ஏறுபவரின் வெளிநாட்டுச் சம்பளமும் அவ்வாண்டு இந்தியக் கணக்கில் சேரும்; ஆகஸ்டில் சென்று, அவ்வாண்டு திரும்பாதவருக்கு அந்தச் சுமை இல்லை. பிரிட்டன் போன்ற நாடுகளில் செலுத்திய வரியை இங்கு கழித்துக்கொள்ள முடியும். சம்பளத்துக்கு வரியே இல்லாத துபாய்க்குச் சென்றவருக்குக் கழிப்பதற்கு எதுவும் இருக்காது.